ஹண்ட்ரட்: இங்கிலாந்தின் பழைய நிலப்பிரிவு எப்படித் தோன்றியது?

1170களின் இறுதியில், இரண்டாம் ஹென்றி மன்னரின் கருவூலத் தலைவரான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், கருவூல நடைமுறைகளை விளக்க உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். வரிக்கணக்கின் அடிப்படைச் சொற்களுக்கு அதில் விளக்கம் தருகிறார். ‘ஹைட்’ என்பது ஆதியில் நூறு ஏக்கர் என்கிறார். அத்துடன், இந்த விஷயம் நாட்டுப்புறத்தாருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றும் ஒப்புக்கொள்கிறார். ‘ஹண்ட்ரட்’ பல நூறு ஹைட்களைக் கொண்டது, ஆனால் எத்தனை என்ற வரையறை இல்லை, சிலவற்றில் அதிகம், சிலவற்றில் குறைவு என்று முடிக்கிறார். நாட்டின் வரவு செலவு முழுவதும் யாருடைய கையில் இருந்ததோ, அவருக்கே இந்தப் பிரிவு எதை அளந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர்களும் எட்டு நூற்றாண்டுகளாக அதே கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள்.

இடைக்கால இங்கிலாந்து ஷயர்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு ஷயரும் பல ஹண்ட்ரட்களாகப் பிரிந்திருந்தது. வரி வசூல், வழக்கு விசாரணை, திருடனைத் துரத்துதல், படைக்கு ஆள் திரட்டுதல் எல்லாம் இந்த மட்டத்தில்தான் நடந்தன. சொல்லின் பொருள் ‘நூறு’. நூறு வீரர்களா, நூறு குடும்பங்களா, நூறு ஹைட் நிலமா என்பது ஒரு கேள்வி. இதை ஏற்படுத்தியது யார், எப்போது என்பது அடுத்தது. மக்கள் தாமாகக் கூடிய பழைய சபையா, மன்னர் மேலிருந்து விதித்த அலகா என்பது இவற்றின் அடியில் ஓடும் மூன்றாவது கேள்வி. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதே இந்த விவாதம் இவ்வளவு நீண்டதற்குப் பெரிய காரணம் என்று கருத இடமிருக்கிறது.

ஆல்ஃப்ரெட் மன்னரும் ஜெர்மானிய மூதாதையரும்

மிகப் பழைய விடை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டேனியர் படையெடுப்பால் சீர்குலைந்த நாட்டில் ஒழுங்கை நிலைநாட்ட, ஆல்ஃப்ரெட் மன்னரே (ஆட்சி 871–899) ஹண்ட்ரட்களையும் அவற்றின் உட்பிரிவான பத்துப்பேர் குழுக்களையும் ஏற்படுத்தினார் என்று மாம்ஸ்பரி துறவி வில்லியம் எழுதினார். பல தலைமுறைகள் இதை அப்படியே நம்பின. ஆனால் ஆல்ஃப்ரெடின் சட்டத் தொகுப்பு இன்றும் இருக்கிறது. அதில் ஹண்ட்ரட் பற்றிய பேச்சே இல்லை. அந்த மன்னரின் புகழ் ஓங்க ஓங்க, நல்லதெல்லாம் அவர் கணக்கில் சேர்ந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் விடை வேறு திசையில் போனது. ஜான் கெம்பிள் 1849இல் வெளியிட்ட நூலும், வில்லியம் ஸ்டப்ஸ் 1870களில் எழுதிய அரசியலமைப்பு வரலாறும் ஆங்கிலேய நிறுவனங்களின் வேரை ஜெர்மானிய மூதாதையரிடம் தேடின. அவர்களுக்குக் கிடைத்த முதன்மைச் சான்று ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நூறு காலாட்படை வீரர்கள் வந்தார்கள் என்றும், நீதி வழங்கும் தலைவருக்குத் துணையாக மக்களிலிருந்து நூறு பேர் இருந்தார்கள் என்றும் அந்த நூல் சொல்கிறது. அந்த நூறு பேர் குடியேறிய நிலமே பிற்பாடு ஹண்ட்ரட் ஆயிற்று, சுதந்திர மனிதர்களின் சபை ஆட்சி அங்கிருந்து தொடங்கியது என்று இந்தக் கொள்கை வளர்ந்தது. ஸ்டப்ஸ் மட்டும் மற்றவர்களைவிட எச்சரிக்கையாக, பல சாத்தியங்களையும் பட்டியலிட்டுவிட்டே தன் சாய்வைச் சொன்னார்.

இந்தக் கொள்கையின் பலவீனம் டாசிட்டஸின் அதே பத்தியில் இருக்கிறது. முன்பு எண்ணிக்கையாக இருந்தது இப்போது ஒரு பெயராகவும் மதிப்பாகவும் ஆகிவிட்டது என்று அவரே எழுதுகிறார். அதாவது அவர் காலத்திலேயே ‘நூறு’ ஒரு கணக்கு அல்ல. அவருக்கும், இங்கிலாந்துச் சட்டங்களில் ஹண்ட்ரட் முதலில் தலைகாட்டும் காலத்துக்கும் இடையில் எட்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. 7ஆம் நூற்றாண்டின் கென்ட் சட்டங்களிலும், வெசெக்ஸ் மன்னர் ஐனியின் சட்டங்களிலும் அந்தப் பெயர் இல்லை. ஐரோப்பாவில் ஹைன்ரிஷ் டானன்பவர் 1949இல் வெளியிட்ட ஆய்வு, ஃபிராங்க் நாட்டின் ‘சென்டெனா’ என்ற ஒத்த அமைப்புகூடப் பழங்குடி மரபு அல்ல, அரசர் உருவாக்கியது என்று வாதிட்டது. அதன் பிறகு பழைய கொள்கையை முழுமையாகத் தாங்கிப் பேசுவோர் அருகிவிட்டனர்.

வரிக்கணக்கின் பக்கம்

1890கள் இந்த ஆய்வின் திருப்புமுனை. ஹொரேஸ் ரவுண்ட் 1895இலும், எஃப். டபிள்யூ. மெய்ட்லண்ட் 1897இலும் வெளியிட்ட நூல்கள் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டை வரிக்கணக்காக வாசித்தன. ஹைட் என்பது தொடக்கத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்கும் நிலம். நாளடைவில் அது வரிக்கும் படைக்கடமைக்கும் உரிய கணக்கு அலகாகிவிட்டது. நூறு ஹைட் சேர்ந்தால் ஒரு ஹண்ட்ரட் என்பது இந்த வாதத்தின் சாரம்.

இதற்குச் சாதகமான சான்று வலுவானது. வுர்ஸ்டர்ஷயர் 1,200 ஹைட் என்று ஒரு பழைய பட்டியல் கூறுகிறது. அங்கே 12 ஹண்ட்ரட்கள் இருந்தன என்கிறது டூம்ஸ்டே. அதைவிடத் துலக்கமானது 1070களைச் சேர்ந்த நார்தாம்ப்டன்ஷயர் வரிப் பட்டியல். அதன் முதல் பதிவைப் பார்ப்போம். சட்டன் ஹண்ட்ரடில் 1066 வரை ஆண்ட எட்வர்ட் (கன்ஃபெசர்) மன்னர் காலத்தில் இருந்தபடி 100 ஹைட். வரி கட்டியது 21 ஹைட்டும் மூன்றில் இரு பங்கும். பிரபுக்களின் சொந்தப் பண்ணை 40. மன்னருக்குரிய நிலம் 10. தரிசு 28 ஹைட்டும் மூன்றில் ஒரு பங்கும். கூட்டினால் சரியாக நூறு வருகிறது. எழுதிய கணக்கர் மூன்றில் ஒரு பங்கைக்கூட விடாமல் நூறுக்கு நேர்செய்திருக்கிறார். அதே பட்டியலில் ‘ஒன்றரை ஹண்ட்ரட்’ என்ற பதிவுகளும் உண்டு. நூறு என்பது அங்கே உயிருள்ள கணக்காக இருந்திருக்கிறது.

எச். எம். சாட்விக் 1905இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். இத்தகைய வட்டமான எண்கள் மத்திய மாவட்டங்களில்தான் காணப்படுகின்றன. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெசெக்ஸ் மன்னர்கள் டேனியரிடமிருந்தும் மெர்சியாவிலிருந்தும் பெற்ற நிலம் அது. பழைய எல்லைகளை அழித்துவிட்டு, ஒரே கோலால் அளந்து புதிதாக வகுத்த பகுதி என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு.

தெற்கே போனதும் இந்தத் தெளிவு கலைந்துவிடுகிறது. சசெக்ஸிலும் கென்ட்டிலும் சிறு சிறு ஹண்ட்ரட்கள் அறுபதுக்கு மேல் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மாறாக, ஸ்டாஃபர்ட்ஷயர் முழுவதுக்கும் ஐந்துதான். லங்காஷயருக்கு ஆறு. வெசெக்ஸின் உள்பகுதியில் இருபது ஹைட்டுக்கும் ஹண்ட்ரட் உண்டு, நூற்றைம்பதைத் தாண்டியும் உண்டு. லிங்கன்ஷயரில் நிலைமை இன்னும் சிக்கலானது. டேனியர் குடியேறிய வடகிழக்கு மாவட்டங்களில் ஹண்ட்ரடின் இடத்தில் ‘வாப்பன்டேக்’ என்ற பிரிவு இருந்தது. லிங்கன்ஷயரில் அந்த வாப்பன்டேக்குக்குள்ளேயே பன்னிரண்டு ஏர்நிலம் கொண்ட சிறு ‘ஹண்ட்ரட்கள்’ இருந்தன. ஒரே பெயர், முற்றிலும் வேறு அளவு. நூறு ஹைட் விதி ஒரு காலத்தில் எங்கும் இருந்து பிறகு சிதைந்ததா, சில இடங்களில் மட்டும் நடைமுறைக்கு வந்ததா என்பதை ரவுண்டின் வழியில் வந்தவர்கள் தீர்த்துவைக்கவில்லை. வரி அளவுகளை மன்னர்கள் தம் விருப்பப்படி குறைத்துக் கொடுத்ததும் சான்றை மேலும் மங்கலாக்குகிறது.

மாட்டுத் திருட்டும் மாதக் கூட்டமும்

சட்ட நூல்களின் சான்றைத் தனியே பார்ப்பது நல்லது. ஆல்ஃப்ரெடின் மகன் எட்வர்ட் (899–924), அதிகாரிகள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் சொல்லவில்லை. அவருக்குப் பின் ஏதெல்ஸ்டன் காலத்தில் (924–939) லண்டன் வட்டாரத்தார் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தத்தில், மக்கள் பத்துப் பத்தாகவும், பத்துப் பத்துகள் சேர்ந்த நூறாகவும் எண்ணப்படுகிறார்கள். பொறுப்பாளர்கள் மாதந்தோறும் கூட வேண்டும், சேர்ந்து உண்ண வேண்டும், மிஞ்சிய உணவைக் கடவுளின் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இங்கே ‘நூறு’ ஆட்களின் எண்ணிக்கை. நிலத்தின் அளவு அல்ல.

ஹண்ட்ரட் என்ற பெயர் சட்டத்தில் தெளிவாக வருவது எட்மண்ட் (939–946) காலத்தில். அதன் பிறகு வருவதுதான் ‘ஹண்ட்ரட் கட்டளை’. எந்த மன்னருடையது என்று அதில் குறிப்பில்லை. எட்மண்டின் பழைய ஆணையை அது சுட்டுகிறது. எட்கரின் (959–975) சட்டமோ ஹண்ட்ரட் கூட்டத்தை ஏற்கெனவே வகுத்தபடி நடத்தச் சொல்கிறது. ஆகவே இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எழுந்தது என்று கொள்வது பெரும்பாலோர் வழக்கம்.

இந்தச் சிறிய ஆவணம் கூர்ந்து படிக்கத் தக்கது. நான்கு வாரத்துக்குள் ஒருமுறை கூட வேண்டும். திருட்டு நடந்தால் ஹண்ட்ரட் தலைவருக்குச் சொல்ல வேண்டும். அவர் பத்துப்பேர் குழுத் தலைவர்களுக்குச் சொல்வார். எல்லோரும் புறப்பட வேண்டும். வராதவருக்கு முதல் முறை 30 பென்னி தண்டம், அடுத்த முறை 60. தடம் அடுத்த ஹண்ட்ரடுக்குள் போனால் அந்தத் தலைவரும் உடன் வர வேண்டும். தலைவரோ குழுத் தலைவரோ சாட்சியாக இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாட்டை யாரும் வைத்திருக்கக் கூடாது. மாட்டின் கழுத்து மணி, நாயின் கழுத்துப் பட்டை, ஊதுகொம்பு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங் மதிப்புடையவை, ஒவ்வொன்றும் துப்புச் சொல்பவராகக் கருதப்படும் என்ற விதியும் உண்டு. மணி ஓசை கேட்டால் மாடு எங்கே என்று ஊருக்குத் தெரியும். அதனால் மணியே சாட்சி. மேய்ச்சல் நிலத்தை நன்கு அறிந்தவர்கள் எழுதிய சட்டம் இது. சாமானியரின் வாழ்வு இவ்வளவு அருகில் தெரியும் சட்டங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

இந்தக் கட்டளை எதை நிரூபிக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஜார்ஜ் மாலினோ 2015இல் எழுதிய நூல், ஒரே சீரான ஹண்ட்ரட் ஆட்சி 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பிற்பகுதியிலும், முக்கியமாக எட்கர் காலத்தில்தான் உருவானது என்று வாதிடுகிறது. இதை ஏற்கத் தயங்குவோர் கேட்பது நியாயமான கேள்வி: புதிதாக ஓர் அமைப்பை உண்டாக்கும் சட்டம், அந்த அமைப்பு என்ன என்று விளக்காமல் அதன் கடமைகளை மட்டும் பட்டியலிடுமா? கட்டளையை எழுதியவருக்கும் கேட்டவருக்கும் ஹண்ட்ரட் முன்பே பழகிய ஒன்றாக இருந்தது போலத் தோன்றுகிறது. எவ்வளவு காலமாகப் பழகியது என்பதை அந்த ஆவணம் சொல்லாது.

ஃபிராங்க் நாட்டுத் தாக்கம் பற்றிய கருத்தும் இங்கே சேரும். 6ஆம் நூற்றாண்டிலேயே அங்கு திருடரைத் துரத்தும் பொறுப்பு சென்டெனாக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்டெனாவின் எல்லை தாண்டிப் போகும் தடம் பற்றிய விதியும் உண்டு. ஆங்கிலேயக் கட்டளையோடு ஒற்றுமை வெளிப்படை. 10ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசு ஃபிராங்கியரின் கரோலிஞ்சியப் பேரரசின் ஆட்சிமுறையைத் தெரிந்தே பின்பற்றியிருக்கலாம் என்று ஜேம்ஸ் கேம்பல் 1970களில் எடுத்துக்காட்டினார். ஆனால் எந்த வழியில், யார் மூலம் வந்தது என்பதற்கு நேரடி ஆவணம் இல்லை. மாட்டுத் திருட்டு இருந்த எந்த நாட்டிலும் இதே விதிகள் தாமாகவே எழலாம் என்ற மறுப்பும் அப்படியே நிற்கிறது.

அரச பண்ணையும் அதைச் சூழ்ந்த நிலமும்

ஹெலன் கேம் 20ஆம் நூற்றாண்டில் ஹண்ட்ரட் ஆய்வுக்குத் தன் வாழ்நாளில் பெரும் பகுதியைக் கொடுத்தவர். 1930இல் வந்த அவருடைய பெரிய நூல் 13ஆம் நூற்றாண்டைப் பற்றியது. 1932இல் எழுதிய ஒரு கட்டுரை தோற்றக் கேள்வியைப் புதிய திசையில் திருப்பியது. பல ஹண்ட்ரட்கள் ஒரு குறிப்பிட்ட அரச பண்ணையோடு பிரிக்க முடியாமல் இணைந்திருப்பதை அவர் கவனித்தார். அந்தப் பண்ணையை வைத்திருப்பவருக்கே ஹண்ட்ரடின் நீதி வருமானமும் போகும். ஆகவே மன்னரின் பண்ணைக்குச் சுற்று வட்டாரத்தார் உணவும் உழைப்பும் செலுத்திய மிகப் பழைய ஏற்பாட்டின் எச்சமே ஹண்ட்ரட் என்பது அவருடைய கருத்து. 10ஆம் நூற்றாண்டு மன்னர்கள் பெயரும் விதியும் சேர்த்திருக்கலாம், உடல் பழையது.

இந்தப் பார்வை பின்னால் பலரிடம் செல்வாக்குப் பெற்றது. தொடக்ககால ஆங்கிலோ-சாக்சன் அரசுகளே சிறு சிறு நிலப்பகுதிகள் சேர்ந்து உருவானவை என்ற ஆய்வுகள் வந்தபோது, அந்தச் சிறு பகுதிகளை மீட்டெடுக்க ஹண்ட்ரட் எல்லைகளையும் தாய்த் திருச்சபைகளின் பங்கு எல்லைகளையும் வரைபடத்தில் ஒப்பிட்டார்கள். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஹண்ட்ரட் பழையது என்று வைத்துக்கொண்டு பழைய நிலப்பகுதியை வரைவது, பிறகு அந்தப் பகுதியைக் காட்டி ஹண்ட்ரட் பழையது என்பது சுற்று வாதமாகிவிடும். நமக்குத் தெரியும் எல்லைகள் பெரும்பாலும் டூம்ஸ்டேக்குப் பிந்தியவை. பண்ணையோடு ஹண்ட்ரடை இணைத்தது 11ஆம் நூற்றாண்டின் நிர்வாக வசதியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் தெற்கு மாவட்டங்களின் ஒழுங்கற்ற அளவுகளுக்குக் கேமின் விளக்கத்தைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை.

மேடு, மரம், கல்

ஹண்ட்ரட்களின் பெயர்களை 1930களில் ஓ. எஸ். ஆண்டர்சன் மூன்று தொகுதிகளில் திரட்டினார். கணிசமான பெயர்கள் ஊர்ப்பெயர்கள் அல்ல. மரம், கல், புதைமேடு, ஆற்றுத்துறை, கம்பம் என்று மக்கள் கூடிய இடத்தின் அடையாளமே பெயராகியிருக்கிறது. மிடில்செக்ஸின் ஸ்பெல்தோர்ன் பேச்சு நடந்த முள்மரத்தையும், சஃபோக்கின் திங்கோ சபை கூடிய மேட்டையும், யார்க்‌ஷயரின் ஸ்கைராக் ஓர் ஓக் மரத்தையும் குறிக்கின்றன. அந்த ஓக் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட மரம் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் 1941 வரை நின்றது. எசெக்ஸின் தர்ஸ்டபிள் என்ற பெயரில் துனோர் என்ற கிறித்தவத்துக்கு முந்திய தெய்வத்தின் தூண் இருக்கிறது. கிறித்தவ அரசு ஒன்று 10ஆம் நூற்றாண்டில் புதிதாக இப்படிப் பெயரிட்டிருக்காது. குறைந்தது சில கூடுமிடங்களேனும் மிகப் பழையவை என்பதற்கு இது நல்ல சான்று.

அகழாய்வு இதை எளிதில் உறுதிப்படுத்தவில்லை. மில்டன் கீன்ஸ் புதுநகரம் எழும்பியபோது, செக்லோ ஹண்ட்ரடின் கூடுமிடமான மேட்டை 1970களின் இறுதியில் அகழ்ந்தார்கள். அதன் அடியில் கல்லறை இல்லை. பழைய புதைமேட்டைப் பயன்படுத்தவில்லை; கூடுவதற்கென்றே மண்ணைக் குவித்திருக்கிறார்கள். பழமையின் சின்னம் என்று நினைக்கப்படும் ஒரு மேடு திட்டமிட்ட புதுக்கட்டுமானமாக இருக்கலாம் என்பதை அது காட்டியது. மறுபக்கம், ஆண்ட்ரூ ரெனால்ட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தண்டனையாகக் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகள் பலவும் ஹண்ட்ரட் எல்லைகளில் அமைந்திருப்பதையும், அவற்றில் சில 7, 8ஆம் நூற்றாண்டுகளிலேயே தொடங்கியதையும் சுட்டியது. எல்லை அப்போதே இருந்தது என்பது அவர் தரப்பு. ஆளரவம் இல்லாத ஒதுக்குப்புறங்கள் முதலில் கொலைக்களமாகி, பின்னர் எல்லை அங்கே விழுந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தை முற்றாகத் தள்ள முடியவில்லை.

வாப்பன்டேக் பற்றி ஒரு குறிப்பு. ஆயுதத்தை எடுத்தல் அல்லது தொடுதல் என்ற பொருள் தரும் ஸ்காண்டிநேவியச் சொல் அது. புதிய தலைவர் ஈட்டியை நிமிர்த்திப் பிடிக்க, வந்தவர்கள் தம் ஈட்டியால் அதைத் தொடுவார்கள் என்று 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று வர்ணிக்கிறது. அந்தச் சடங்கு உண்மையில் நடந்ததா, பெயரைப் பார்த்துப் பின்னால் சொன்ன கதையா என்பது ஐயத்துக்குரியது. ஏதெல்ரெட் மன்னர் காலத்து வான்டேஜ் சட்டத்தில் வாப்பன்டேக்கின் பன்னிரண்டு மூத்தவர்கள், குற்றமற்றவர்மேல் பழி சொல்வதில்லை, குற்றவாளியை மறைப்பதில்லை என்று திருப்பொருள்மேல் சத்தியம் செய்கிறார்கள். பிற்கால நடுவர் குழுவின் மூலம் இதுவே என்று சிலரும், குற்றம் சாட்டும் நடுவர் குழுவை வகுத்த 1166இன் கிளாரண்டன் சட்டத்தோடு இதற்கு நேர்த் தொடர்பு இல்லை என்று சிலரும் சொல்வது தனியாக ஓடும் பெரிய விவாதம்.

யாருடைய நீதிமன்றம்?

மன்னருடைய அலகு என்றால், தனியார் கையில் இத்தனை ஹண்ட்ரட்கள் எப்படிப் போயின? முதலாம் எட்வர்ட் 1274–75இல் நடத்திய விசாரணையின் பதிவுகளே ‘ஹண்ட்ரட் சுருள்கள்’. நாட்டிலிருந்த அறுநூறுக்கு மேற்பட்ட ஹண்ட்ரட்களில் பாதிக்கும் அதிகமானவை அப்போது மன்னர் கையில் இல்லை என்பது கேம் காட்டிய உண்மை. இது எப்போது தொடங்கியது என்பதற்குச் சோதனைக் களமாக அமைந்தது வுர்ஸ்டர் ஆயருக்குரிய ஆஸ்வால்ட்ஸ்லோ. அது 300 ஹைட் கொண்ட மூன்று ஹண்ட்ரட்களின் தொகுதி. ஷெரீஃபுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை என்கிறது டூம்ஸ்டே. 964ஆம் ஆண்டு எட்கர் கொடுத்ததாகச் சொல்லும் பட்டயம் பிற்காலப் போலி என்பதில் இன்று பெரிதும் உடன்பாடு இருக்கிறது. பட்டயம் போலியானாலும் உரிமை உண்மை என்று மெய்ட்லண்ட் கருதினார். நவோமி ஹர்னார்ட் 1949இல் இதை மறுத்தார். பேட்ரிக் வார்மால்ட் 1995இல், டூம்ஸ்டே பதிவையே வுர்ஸ்டர் திருச்சபையினர் தமக்குச் சாதகமாக அமைத்துக்கொண்டார்கள் என்று வாதிட்டார். ஆங்கிலோ-சாக்சன் அரசு நீதியை எளிதில் கைவிடவில்லை என்பது அவருடைய அடிப்படை நிலை. வார்மால்டின் வாதம் வலுவானதே. ஆனாலும் அவர் கருத்தை எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்கு மேற்கு சஃபோக்கின் எட்டரை ஹண்ட்ரட்களை எட்வர்ட் (கன்ஃபெசர்) மன்னர் 1066க்கு முன்பே கொடுத்துவிட்டார்.

தீர்ந்ததும் தீராததும்

இவ்வளவு கருத்துகளையும் அருகருகே வைத்தால், பலர் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது புலப்படுகிறது. கெம்பிள் கூட்டத்தைப் பற்றியும், ரவுண்டும் சாட்விக்கும் வரி அளவைப் பற்றியும், கேம் நிலப்பரப்பைப் பற்றியும், மாலினோ கடமைகளின் சீர்மையைப் பற்றியும் பேசினார்கள். கூடுமிடம், எல்லை, வரி எண், நீதிமன்றம், பெயர் ஆகிய ஐந்துக்கும் ஒரே பிறந்த நாள் இருக்க வேண்டிய அவசியமில்லை. தர்ஸ்டபிளின் தூண் கிறித்தவத்துக்கு முந்தியது. சட்டனின் நூறு ஹைட் 10ஆம் நூற்றாண்டின் கணக்காக இருக்கலாம். இரண்டையும் ஒரே கொள்கைக்குள் அடைக்க வேண்டியதில்லை.

ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை சில. சீரான பெயரும் மாதக் கூட்டமும் திருட்டைத் துரத்தும் பொதுக் கடமையும் 10ஆம் நூற்றாண்டு மன்னர்களின் செயல். மத்திய மாவட்டங்களின் நூறு ஹைட் திட்டமிட்ட அளவு. தெற்கில் பழைய பிரிவுகள்மேல் புதிய கடமை ஏற்றப்பட்டிருக்க அதிக வாய்ப்பு உண்டு. அந்தக் கடமை நெடுங்காலம் நீடித்தது. ஹண்ட்ரட் எல்லைக்குள் நடந்த கொள்ளைக்கு அங்கு வாழ்வோரே ஈடு கட்ட வேண்டும் என்றது 1285இன் வின்செஸ்டர் சட்டம். கலவரச் சேதத்துக்கான பொறுப்பு 1886 வரை ஹண்ட்ரடிடம் இருந்தது. சால்ஃபர்ட் ஹண்ட்ரடின் பெயரில் இயங்கிய நீதிமன்றம் 1971இன் சட்டத்தால்தான் மூடப்பட்டது.

ஐனியின் சட்டத்துக்கும் எட்மண்டின் சட்டத்துக்கும் இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டுகளில் மக்கள் எங்கே, எவ்வளவு இடைவெளியில், யாருடைய அழைப்பின் பேரில் கூடினார்கள் என்பது திறந்த கேள்வியாகவே நிற்கிறது. கூடியவர்களில் சாதாரண உழவருக்கு எவ்வளவு குரல் இருந்தது என்பதும் அப்படியே. புதிய சட்ட நூல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இனி வர வேண்டிய சான்று கூடுமிடங்களின் அகழாய்விலிருந்தும், மாவட்டம் மாவட்டமாகச் செய்யும் எல்லை ஆய்விலிருந்தும்தான் வர முடியும். அதுவரை, ஹண்ட்ரட் முழுவதுமே பழையது என்றோ முழுவதுமே எட்கர் காலத்தது என்றோ சொல்லும் எந்த நூலையும் அப்படியே ஏற்பதற்கில்லை. ஒவ்வொரு ஹண்ட்ரடின் வயதும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.